ஒரு பக்க அடங்கல்

(ஹெப்பகோடியில் நடந்த நம் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னிடம் "மாமா, இந்தத் தடவை நீங்கள் அரை மணி நேரம் பேச வேண்டும்" என்று சொன்னபோது, எழுபத்தைந்து வயசுக்காரன் பென்ஷன், சர்க்கரை, முழங்கால் வலி இதில் எதையாவது எடுத்துக்கொள்வான் என்றுதான் நினைத்திருப்பார். நான் கொடுத்த தலைப்பைக் கேட்டதும் இரண்டு விநாடி பேசவில்லை. ஆத்திலிருந்தபடி சொந்தமாகத் தொழில் செய்யும் ஒருவர் தன் தொழில் முழுவதையும் கம்ப்யூட்டரில் ஒரே பக்கத்தில் பார்க்கும்படி எப்படிச் செய்துகொள்வது என்பதுதான் தலைப்பு. இளைஞர்கள் இதை டேஷ்போர்டு என்கிறார்கள்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற கூட்டத்தில் காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே விஷயத்தைத் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்கள். "பிள்ளை வேலையை விட்டுட்டான். ஏதோ ஃப்ரீலான்ஸாம். ஆத்துலேயே உக்காந்துண்டு என்னமோ பண்ணிண்டிருக்கான்." அந்த 'ஏதோ'வும் 'என்னமோ'வும் எனக்கு நன்றாகப் பழக்கமானவை. என் பெண்ணைப் பற்றி நானே ஒன்பது மாசம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பி.எஸ்ஸி. பௌதிகம். 1972இல் மத்திய அரசின் கணக்குத் தணிக்கைத் துறையில் சேர்ந்து, 38 வருஷம் மற்றவர்கள் எழுதிய கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்டு 2010இல் ஓய்வு பெற்றேன். ஃபேஸிட் என்ற கைப்பிடி சுற்றும் கணக்கு மிஷினில் ஆரம்பித்து எக்ஸெலில் முடித்தவன். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. இன்றைக்குச் சொல்லப்போவதில் எட்டாம் கிளாஸ் கணக்குக்கு மேல் ஒன்றும் இல்லை, பயப்பட வேண்டாம்.

2014இலிருந்து நானும் என் சம்சாரமும் இங்கே ஹெப்பகோடியில் பெண், மாப்பிள்ளை, இரண்டு பேரக்குழந்தைகளோடு இருக்கிறோம். வெளியூர் அங்கத்தினர்களுக்காகச் சொல்கிறேன்: ஓசூர் ரோட்டில் எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் வருகிற ஊர் இது. அடுத்தது பொம்மசந்திரா. இன்னும் கொஞ்ச தூரம் போனால் அத்திப்பள்ளி, அதற்கப்புறம் தமிழ்நாடு. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி மஞ்சள் தட மெட்ரோ திறந்த பிறகு ஜெயநகர்க்காரர்கள் ஆர்.வி. ரோடில் ஏறி ஊர் வாசலிலேயே இறங்குகிறார்கள். இன்று கூட்டம் நிறைந்திருப்பதற்கு அதுதான் காரணம், என் பேச்சு அல்ல.

மெட்ரோ முன்பே வந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது. என் பெண்ணின் ஆபீஸ் வெளிவட்டச் சாலையில் இருந்தது. சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டிப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. கோவிட் சமயத்தில் ஆத்திலிருந்தே வேலை செய்தாள். 2022 ஆரம்பத்தில் "எல்லோரும் ஆபீஸுக்கு வாருங்கள்" என்று கூப்பிட்டபோது சின்னவனுக்கு நாலு வயசு. ஒரு வாரம் யோசித்துவிட்டு ராஜினாமா கொடுத்துவிட்டாள். அவள் வேலை டெக்னிகல் ரைட்டிங், அதாவது ஒரு இயந்திரத்தையோ சாஃப்ட்வேரையோ எப்படி உபயோகிப்பது என்று விளக்கப் புத்தகம் எழுதுவது. அந்த ஏப்ரலிலிருந்து அதையே தனியாகச் செய்ய ஆரம்பித்தாள். எனக்கு இஷ்டமில்லை. மாசம் பிறந்தால் சம்பளம் என்ற ஏற்பாட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத வம்சம் நம்முடையது. வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உறவினர் யாராவது விசாரித்தால் "ஆத்துலதான் இருக்கா" என்பேன். கூரியர் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவேன். பாங்குக்குப் போகவும், மாமியின் பல் டாக்டரிடம் போகவும் அவள்தான். சும்மாதானே இருக்கிறாள்!

2023 ஜனவரி, பொங்கலுக்கு நாலு நாள் முன்பு சாயங்காலம் என் அறைக்கு வந்து நின்றாள். "அப்பா, குழந்தைகளுக்கு ஃபீஸ் கட்டணும். ஒரு முப்பதாயிரம் தரேளா? பத்து நாள்ல தந்துடறேன்" என்றாள். பணம் பெரிசில்லை. ஆனால் பதினாலு வருஷம் சம்பாதித்த பெண், அப்பாவிடம் கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். அப்புறம் சொன்னாள், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை தருகிறார்கள், மாசம் 95,000, மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், போய்விடலாம் என்று இருக்கிறேன், தனியாகச் செய்வது நமக்கு ஒத்துவரவில்லை என்று.

நான் எதிர்பார்த்த வார்த்தை அதுதான். ஆனால் 38 வருஷப் பழக்கம் விடவில்லை. "ஒத்துவரலைன்னு எதை வெச்சுச் சொல்றே? கணக்கைக் கொண்டா" என்றேன்.

அவள் கொண்டுவந்ததைக் கணக்கு என்று சொல்ல முடியாது. வேலை கேட்டு வந்த சமாசாரம் பாதி ஈமெயிலில், பாதி வாட்ஸ்ஆப்பில். ஒப்புக்கொண்ட தொகை டயரியில். முடிக்க வேண்டிய தேதி போன் காலண்டரில். பில்கள் லாப்டாப்பில் ஒரு ஃபோல்டரில், சிலது ஈமெயிலில் மட்டும். வந்த பணம் பாங்கு குறுஞ்செய்தியில். செலவு ரசீதுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில். வரி விவரம் வருமானவரித் துறையின் இணையதளத்தில், அதன் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. எட்டு இடம்! எட்டையும் ஒன்று சேர்த்துப் பார்க்கும் இடம் அவள் தலை ஒன்றுதான். அந்தத் தலைக்கு இரண்டு குழந்தைகளின் ஸ்கூல், சமையல், இரண்டு கிழங்களின் மருந்து என்று வேறு உத்தியோகமும் இருந்தது.

பொங்கல் விடுமுறையில் மூன்று நாள் நானும் அவளும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். கனு அன்று மத்தியானம் கணக்கு முடிந்தது. ஒன்பது மாசத்தில் அவள் போட்ட பில்கள் மொத்தம் 9,40,000 ரூபாய். அதில் 7,10,000 ரூபாய்க்கான பில்கள் தீர்ந்திருந்தன. கம்பெனிகள் வரியாகப் பிடித்துக்கொண்ட 58,000 போக பாங்குக்கு வந்தது 6,52,000. வர வேண்டியது 2,30,000. பிடித்த வரியிலும் 37,000தான் அவள் பெயரில் இணையதளத்தில் ஏறியிருந்தது. பாக்கி 21,000ஐ யாரும் கேட்கவில்லை. இதெல்லாம்கூட நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத விஷயம் ஒன்று இருந்தது. இரண்டு வேலைகளை முடித்து அனுப்பிவிட்டு, மொத்தம் 26,000 ரூபாய்க்கு, பில்லே போடவில்லை!

"மறந்துட்டேம்பா" என்றாள். சர்க்கார் ஆபீசாக இருந்தால் இதற்கு ஒரு ஆடிட் பாரா எழுதியிருப்பேன். அன்று சாயங்காலமே அதில் ஒரு பில், 14,000 ரூபாய்க்கு, போட்டு அனுப்பினாள். நாலாம் நாள் பணம் வந்துவிட்டது. அந்தக் கம்பெனிக்காரர் பில்லுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இப்போது கணக்கைப் பாருங்கள். தன் சம்பாத்தியம் மாசம் எழுபத்திரண்டாயிரம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள், ஏனென்றால் பாங்கில் வந்தது அவ்வளவுதான். உண்மையில் உழைத்துச் சம்பாதித்தது ஒன்பது மாசத்தில் 9,66,000, மாசத்துக்கு ஒரு லட்சத்து ஏழாயிரத்துக்கு மேல். இன்டர்நெட், சாஃப்ட்வேர், கரண்ட் என்று மாசம் எட்டாயிரம் கழித்தாலும் கம்பெனி தருவதாகச் சொன்ன சம்பளத்துக்குக் குறைவில்லை. தொழில் ஒத்துவந்துகொண்டுதான் இருந்தது, வசூல்தான் ஒத்துவரவில்லை. கம்பெனி வேலையில் பிராவிடண்ட் ஃபண்டும் மெடிகல் இன்ஷ்யூரன்ஸும் உண்டு, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நானே எடுத்துச் சொன்னேன். தணிக்கைக்காரன் ஒரு பக்கம் மட்டும் பார்க்கக் கூடாது.

அந்த மூன்று நாளில் எனக்கு வேறொன்றும் தெரியவந்தது. எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று அறிய, அவள் ஒவ்வொரு ஃபைலையும் சேமித்த தேதி, நேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தேன். இரவு 11-40. இரவு 12-55. காலை 4-50. பல நாட்கள் அப்படியே. பகலில் எங்களுக்காக ஓடிய நேரத்தை அவள் ராத்திரியில் ஈடுகட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. அவளிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மறுநாளிலிருந்து கூரியருக்கு நான்தான் கதவைத் திறக்கிறேன்.

சரி, டேஷ்போர்டுக்கு வருகிறேன். இந்த வார்த்தை குதிரை வண்டியிலிருந்து வந்தது. குளம்படியில் தெறிக்கும் சேறு வண்டிக்காரர்மேல் படாமல் இருக்க முன்னால் வைத்த தடுப்புப் பலகைதான் டேஷ்போர்டு. மோட்டார் கார் வந்த பிறகு அந்த இடத்தில் வேகமானி, பெட்ரோல் முள் எல்லாம் வந்து உட்கார்ந்தன. ஓட்டுகிறவர் தலையைத் திருப்பாமல் பார்க்க வேண்டியவை அவை. இந்த இலக்கணத்தை நான் முதலில் புரிந்துகொள்ளவில்லை.

உற்சாகத்தில் பத்து நாள் உட்கார்ந்து, கூகுள் ஷீட்ஸில் 14 தாள்கள் கொண்ட ஒரு மகத்தான கட்டடம் கட்டினேன். வட்டப்படம், பட்டைப்படம், பல வர்ணம். செலவினங்களுக்கு மட்டும் 31 தலைப்புகள். ஒரு வேலை வந்தால் ஐந்து தாளில் அதை எழுத வேண்டும். என் பெண் மூன்று வாரம் மரியாதைக்காக எழுதினாள். நாலாவது வாரம் நான் திறந்து பார்த்தபோது ஒன்பது நாளாக ஒரு வரி இல்லை. கேட்டேன். "அப்பா, நீங்க ஆபீஸை விட்டுட்டு வந்துட்டேள். ஆபீஸ் இன்னும் உங்களை விடலை. இதை எழுதறதுக்கே ஒரு க்ளார்க் வேணும்" என்றாள்.

வழி காட்டியது என் சம்சாரம். அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. சமையலறைக் கதவின் பக்கத்தில் மாசக் காலண்டர் ஒன்று தொங்குகிறது, உங்கள் ஆத்திலும் இருக்கும். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியில் 'கா'. வேலைக்காரி வராத நாள், பேப்பர் பணம், அமாவாசை, ஸ்ரார்த்தம், குழந்தைகளின் பரீட்சை எல்லாம் அதிலேயே. காபி கலக்கும்போது கண் தானாக அங்கே போகும். மாசம் முடிந்தால் பால்காரர் கணக்கு அரை நிமிஷம். "இதுல எல்லாம் இருக்கே, நீங்க ஏன்னா பதினாலு பண்ணியிருக்கேள்?" என்றாள். நாற்பத்தெட்டு வருஷ தாம்பத்தியத்தில் இது எனக்குக் கிடைத்த எத்தனையாவது ஆடிட் பாரா என்று ஞாபகமில்லை.

அதோடு என் பாட்டனார் நினைவும் வந்தது. தஞ்சை ஜில்லாவில் கர்ணமாக இருந்தவர். இங்கே பலர் ஆத்திலும் அந்த உத்தியோகம் இருந்திருக்கும். 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் அந்தப் பதவிகளையே எடுத்துவிட்டார்கள். கர்ணம் வைத்த கிராமக் கணக்குகளுக்கு நம்பர் உண்டு. 2ஆம் நம்பர் கணக்குக்குப் பெயர் அடங்கல். சர்வே நம்பர் வாரியாக, எவ்வளவு நிலம், யார் சாகுபடி, என்ன பயிர், எந்தத் தண்ணீர், எப்படி விளைச்சல் என்று பசலிக்குப் பசலி எழுதுவது. ஜூலை முதல் தேதி பசலி பிறக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஜமாபந்தியில் அதிகாரிகள் சரிபார்ப்பார்கள். ஒரு வயலைப் பற்றிய எல்லாம் ஒரே வரியில் அடங்கிவிடும், அதனால்தான் அந்தப் பெயர் என்று பாட்டனார் சொல்வார். டேஷ்போர்டுக்குத் தமிழ் தேடுகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் சொல் அடங்கல்தான். எங்கள் ஆத்தில் அதன் பெயர் அதுவாகவே ஆகிவிட்டது. "அடங்கல் போட்டாச்சா?" என்று பேத்திகூடக் கேட்கிறாள்.

இரண்டாவது தடவை கட்டியது இப்படி. பின்னால் மூன்றே தாள்கள். ஒன்றில் பார்ட்டிகளின் பெயர், விலாசம், வரி எண்கள். ஒன்றில் வேலைகள். ஒன்றில் பணம் வந்தது, போனது. வேலைத் தாள்தான் உயிர். ஒரு வேலைக்கு ஒரு வரி, ஒரு நம்பர். வயலுக்கு சர்வே நம்பர் மாதிரி. அந்த நம்பர்தான் பில்லிலும் ஃபோல்டர் பெயரிலும் ஈமெயில் தலைப்பிலும் வரும். எந்த விவரத்தையும் ஒரே ஒரு தடவைதான் கையால் எழுத வேண்டும், மற்ற இடங்களில் அது தானாக வர வேண்டும். முதல் கட்டடம் இடிந்ததே இந்த விதி இல்லாமல்தான்.

வேலையின் நிலைமையை ஆறு வார்த்தையில் வைத்தோம்: கேட்டது, ஒப்பியது, நடப்பு, அனுப்பியது, பில், வரவு. அனுப்பியது என்று போட்ட வேலை மூன்று நாளில் பில் ஆகாவிட்டால் அந்த வரி ஆரஞ்சு ஆகிவிடும். இன்றைய தேதியைத் தானே எடுத்துக்கொள்ளும் டுடே என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. அதிலிருந்து பில் தேதியைக் கழித்தால் எத்தனை நாள் பாக்கி என்று வந்துவிடும். 30 நாள் தாண்டினால் மஞ்சள், 45 தாண்டினால் சிவப்பு. நிபந்தனை பேரில் வர்ணம் மாறும் வசதி எக்ஸெலிலும் லிப்ரே ஆபீஸிலும்கூட உண்டு.

முன்னால் ஒரே பக்கம். அதில் நாலே எண்கள் பெரிய எழுத்தில். வர வேண்டியது எவ்வளவு. இந்த வாரம் முடிக்க வேண்டிய வேலை எத்தனை. வரிக்கு ஒதுக்கியது எவ்வளவு. கையிலிருக்கும் பணத்தை மாசச் செலவால் வகுத்தால் எத்தனை மாசம் தாங்கும். அவ்வளவுதான். கீழே சிவப்பு வரிகள் மட்டும் தானாக வந்து நிற்கும். லாப்டாப்பைத் திறந்தால் முதலில் தெரிவது இந்தப் பக்கமாக இருக்கும்படி செய்தோம். தினம் ராத்திரி அஞ்சு நிமிஷம், வெள்ளிக்கிழமை அரை மணி.

வட்டப்படம் கிடையாது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. சம்பளக்காரருக்கு ஆபீசே பிடித்துக்கொள்ளும். தனியாகச் செய்கிறவருக்கு வந்த பணம் எல்லாம் தன் பணம் மாதிரி தோன்றும். அது தோற்றம். ஒவ்வொரு வரவிலும் நூற்றுக்கு 15 ரூபாயை அன்றே வேறொரு சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுகிறாள். முன்வரி கட்டும் தேதி வந்தால் தவிப்பு இல்லை. சேவைத் தொழிலில் வருஷ மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்த வேலை அந்தக் கணக்கில் சேராது என்று பலர் நினைக்கிறார்கள், அதுவும் சேரும். அதனால் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து கூடிக்கொண்டே போகும் மொத்தத்தை ஒரு ஓரத்தில் வைத்திருக்கிறோம். வருமானவரிக்கு 2025இல் புதுச் சட்டமே நிறைவேறி, 2026 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வரும்படி செய்திருக்கிறார்கள், பழைய பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே பிரிவு எண்களை நான் சொல்லப்போவதில்லை. நான் தணிக்கைக்காரன், வரி ஆலோசகன் இல்லை; உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள். ஆனால் யார் எவ்வளவு வரி பிடித்தார்கள், அது உங்கள் பெயரில் ஏறிவிட்டதா என்று பார்ப்பது உங்கள் வேலை. கம்பெனிகள் மூன்று மாசத்துக்கு ஒருமுறைதான் கணக்குக் கொடுக்கும், உடனே ஏறாது. அதற்காக ஒரு கட்டம், ஒரு டிக் குறி. அந்த 21,000இல் 17,500 அப்படிக் கேட்டு வாங்கியதுதான்.

இனி 45 என்ற எண் ஏன் என்று சொல்கிறேன். 2006ஆம் வருஷத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டத்தில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டு வட்டி. தகராறு என்றால் போக ஃபெஸிலிடேஷன் கவுன்சில் இருக்கிறது. சிறு தொழில் என்றால் லேத் பட்டறை, ஊறுகாய் கம்பெனி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சேவை செய்கிற ஒற்றை ஆளும் அதில் வரலாம். 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து இதற்கு உத்யம் பதிவு என்று பெயர். ஆதாரும் பான் நம்பரும் போதும், அரசாங்கத் தளத்தில் ஒரு பைசா கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது தரகர் தளம், மூடிவிடுங்கள். என் பெண் 2023 பிப்ரவரியில் பதிவு செய்து, அந்த நம்பரை பில்லின் தலையிலேயே அச்சடித்தாள்.

அடுத்த வருஷம் வேடிக்கை நடந்தது. குறு, சிறு தொழில்களுக்குக் காலத்தில் பணம் தராவிட்டால், தருகிற வருஷம் வரை அந்தச் செலவைக் கம்பெனி தன் வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்த மார்ச் மாசம், அதுவரை இவள் போனை எடுக்காத கணக்குப் பிரிவுகள் தாங்களே ஈமெயில் அனுப்பி "உங்கள் உத்யம் நம்பர் என்ன?" என்று கேட்டன! மஞ்சளில் இருந்த மூன்று வரிகள் மார்ச் 28க்குள் வெள்ளையாயின.

ரெடிமேடாகக் கிடைக்காதா என்று சிலர் கேட்பீர்கள். தாராளமாகக் கிடைக்கும். நம் சென்னையின் ஸோஹோ இருக்கிறது, இந்த பெங்களூரிலேயே பிறந்த டாலி இருக்கிறது. டாலியின் கதை தெரியுமோ? ஷ்யாம் சுந்தர் கோயங்கா என்பவர் மில்களுக்கு இயந்திர பாகங்கள் சப்ளை செய்துகொண்டிருந்தார். தன் கணக்குக்கு ஏற்ற சாஃப்ட்வேர் கிடைக்காமல், கணிதம் படித்த பிள்ளை பாரத்திடம் எழுதித் தரச் சொன்னார். 1986இல் அப்பாவின் ஒரு தொழிலுக்காகப் பிள்ளை எழுதியதுதான் இன்று ஊர் ஊராக ஓடுகிறது. 2020இல் அந்தப் பிள்ளைக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஆத்தில் பெண்ணுக்காக அப்பா எழுதினேன், எனக்கு ஃபில்டர் காபி கொடுத்தார்கள்.

என் அபிப்பிராயம், முதல் ஒரு வருஷமாவது நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். நம் தொழிலுக்கு எது முக்கியம் என்பது கட்டும்போதுதான் புலப்படும். அதற்கு ஒரு உதாரணம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மணிக்கணக்கு என்ற கட்டத்தை நான் வைத்தபோது அவளுக்குப் பிடிக்கவில்லை. "நான் என்ன டாக்ஸியா, மீட்டர் போட?" என்றாள். ஆறு மாசம் போன பிறகு தானே ஒருநாள் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தாள். அவள் மிகவும் ஆசைப்பட்டுச் செய்த வேலை, ஒரு இயந்திரத்தின் விளக்கப் புத்தகம், அறுபதாயிரம் ரூபாய்க்கு ஒப்புக்கொண்டது, 143 மணி நேரம் விழுங்கியிருந்தது. மணிக்கு 420 ரூபாய். அலுப்பு என்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு திருத்த வேலை, 20 மணியில் 18,000. மணிக்கு 900. அன்றிலிருந்து விலை சொல்வதற்கு முன் பழைய வரிகளைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறாள். ஆசைப்பட்ட வேலையை விடவில்லை. இரண்டு தடவைக்கு மேல் திருத்தம் கேட்டால் தனிக் கட்டணம் என்று எழுதிக் கொடுக்கிறாள்.

2023 ஜனவரியில் பாக்கியிருந்த 2,30,000இல் 1,84,000 அதே பார்ட்டியிடமிருந்து வர வேண்டியது. மூன்று பில்கள். முதல் பில் ஏழு மாசப் பழசு. உத்யம் பதிவுக்கு முன் செய்த வேலை என்பதால் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்பது கஷ்டம். ஆகவே பழைய வழிதான்: பில் நம்பர், தேதி, தொகை போட்டு, கோபமில்லாமல், பதினைந்து நாளுக்கு ஒரு கடிதம். டிராஃப்ட் என்னுடையது. சர்க்கார் நினைவூட்டல் எழுதுவதில் எனக்கு அனுபவம் போதாதா! மார்ச்சில் ஒரு அறுபதாயிரம், மே மாசம் ஒரு அறுபதாயிரம், வரி பிடித்துக்கொண்டு வந்தன. மூன்றாவது, 64,000, வரவில்லை. அந்த வேலையை அவர்கள் போனில் சொல்லி, இவள் போனில் சரி என்றது. சொன்னவர் கம்பெனியை விட்டே போய்விட்டார். எழுத்தில் ஒன்றும் இல்லை. இப்போது எங்கள் அடங்கலில் 'எழுத்தில் ஒப்புதல் வந்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருந்தால் வேலை 'நடப்பு' என்ற நிலைக்கு நகராது. சூத்திரம் விடாது.

அந்த வேலைக்குப் போகவில்லை. பதில் சொல்ல வேண்டிய மாசக் கடைசியில் அவளே போன் செய்து, நன்றி சொல்லி, வரவில்லை என்றுவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அபிப்பிராயம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முப்பதாயிரத்தைப் பத்து நாளில் இல்லை, பதினாறாம் நாள் திருப்பிக் கொடுத்தாள். பி.பி.எஃப்., மெடிகல் இன்ஷ்யூரன்ஸ் தவணைத் தேதிகள் இரண்டும் அடங்கலில் ஏறின.

போன தீபாவளி சமயம் அந்த 64,000 வரியை எடுத்துவிடலாமா என்று கேட்டாள். தினம் சிவப்பாகக் கண்ணில் குத்துகிறதாம். வராக்கடன் என்று ஒதுக்கிவிட்டால் பக்கம் சுத்தமாகிவிடும். தள்ளுபடி செய்ய அதிகாரம் உள்ளவர் நீதான், உத்தரவு போடு, நான் எடுத்துவிடுகிறேன் என்றேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்பா" என்றாள். இன்னும் இருக்கிறது.

காலியான அடங்கல் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் டிபன் வரிசைக்குப் போவதற்கு முன் என்னிடம் வாருங்கள். பாஸ்வேர்டை மட்டும் அதில் எழுதி வைக்காதீர்கள். வாரம் ஒருமுறை ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். வெளியூரில் இதைப் படிக்கும் அங்கத்தினர்கள் காரியதரிசிக்கு எழுதினால் அனுப்பிவைக்கச் சொல்கிறேன்.